ஒரு பேச்சுக்குச் சொன்னது

அராக், வியாழன்

பர்வானேயின் அம்மாவுக்கு,

உன் தங்கை வீட்டில் எல்லோரும் சுகம்தானே? இங்கே எனக்கு ஒரு குறையுமில்லை. ஆலை மூடியதிலிருந்து வேலையிழப்பு உதவித்தொகை ஒழுங்காக வருகிறது. மாதம் ஒருமுறை அலுவலகத்துக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்கு மட்டும் சவரம் செய்துகொள்கிறேன்.

நேற்று கையெழுத்து வரிசையில் எனக்கு முன்னால் நின்ற காவுஸோடு பேசிக்கொண்டே திரும்பினேன். அவன் வீட்டு வாசல் வந்ததும், "உள்ள வாங்கண்ணே, ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்" என்றான். ஒரு பேச்சுக்குச் சொல்வதுதான். மூன்று முறை மறுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும். ஐம்பத்தாறு வயதில் எனக்கு இது தெரியாதா?

"சரி" என்று சொல்லிவிட்டேன்.

அவன் முகம் போன போக்கை என்னவென்று சொல்ல! அவன் மனைவி பதறிப்போய், தலையில் போர்த்திக்கொள்ளச் சாதரைத் தேடினாள். பக்கத்து வீட்டிலிருந்து சர்க்கரைக் கட்டி வந்தது. கூசிப்போய்த்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது கோப்பையும் குடித்தேன்.

கிளம்பும்போது, "அண்ணி எப்பண்ணே வர்றாங்க?" என்று கேட்டான்.

"இந்த வாரமே" என்றேன்.

உனக்கு அங்கே சௌகரியமென்றால் இரு, அவசரமில்லை. என்றைக்காவது இந்தப் பக்கம் வந்தால், வீட்டுக்கு வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போ.

ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை.

உன் வீட்டுக்காரன்