மிஸ் வருகிற பஸ்

என் ஸ்டெல்லா அக்கா,

உன் வகுப்புப் பிள்ளைகள் இங்கிலீஷ் பேசும் முன்பு தொண்டையைக் கனைத்துக்கொள்கிறார்கள். நான் முதலில் கவனித்தது அதைத்தான். உன் போனில் வந்து கிடந்த குரல் பதிவுகள் எல்லாவற்றிலும் முதலில் ஒரு சின்னக் கனைப்பு, பிறகுதான் "குட் மார்னிங் மிஸ்". இங்கிலீஷ் என்றாலே அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று நினைத்துவிட்டார்கள் போல.

அது உன் பழக்கமாச்சே அக்கா. பயம் வந்தால் நீதானே அப்படிக் கனைப்பாய்? ஓசூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, இலங்கையில் மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு, சம்பளமில்லாமல் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போனவள் நீ. உனக்குப் பயமே கிடையாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்த வகுப்பில் நீயும் நடுங்கிக்கொண்டுதான் நின்றாயா?

லீவுக்கு வந்த உன்னைக் காய்ச்சலோடு கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். நீ உயிரோடு திரும்பவில்லை. அது அந்தத் தோட்டத்துப் பாதருக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது. போன வாரம் அவர் உன் போனுக்கு அழைத்தார்.

"எனக்குச் சொல்ல வாய் வரலம்மா. சாயந்தரமானா எல்லாம் மழையில கீழ ரோட்டுக்கு ஓடுதுங்க, மிஸ் வர்ற பஸ்ஸப் பாக்க. நேத்து கவிஷா வழுக்கி விழுந்து கால ஒடச்சிக்கிட்டா. ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு, மிஸ்ஸோட வகுப்பு நேரத்துல வீடியோவுல கூப்புடுறேன். வீட்டு ஆளு நீங்க சொல்லிடுங்க."

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. உன் போனுக்கு அம்மா இன்னும் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறாள், தெரியுமா?

"ஒண்ணும் சொல்ல வேணாம். லீவுல இருக்கான்னு சொல்லிடு."

"எத்தன நாளைக்கும்மா? அதுங்க மழையில நிக்குதுங்க."

"என்னாத்துக்குடி சொல்லணும்? அந்தப் பிள்ளைங்க மனசுலயாவது அவ உசுரோட இருந்துட்டுப் போவட்டும்."

நான்தான் எதற்குமே பதில் சொல்லாதவள் ஆயிற்றே. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ரோஜாப் பண்ணைக்குப் போகிறேன். சூப்பர்வைசர் கன்னடத்தில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் தலையை மட்டும்தான் ஆட்டுவேன். "ஏய் அமலா, வாய வீட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?" என்று மற்ற பெண்கள் சிரிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தேன். அடுப்படியில் அம்மா எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள். திரை முழுக்க முகங்கள். முன்வரிசையில் காலில் மாவுக்கட்டோடு ஒருத்தி, அவள்தான் கவிஷா.

"பிள்ளைங்களா, நம்ம ஸ்டெல்லா அக்கா..." என்று ஆரம்பித்தேன்.

கவிஷா உதட்டில் விரலை வைத்தாள். "மிஸ்ஸோட தங்கச்சியா நீங்க? வகுப்பு நேரத்துல தமிழ் பேசக் கூடாது. மிஸ் ஏசுவாங்க."

எல்லாம் கொல்லென்று சிரித்தன. அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

எனக்கு இங்கிலீஷில் என்ன தெரியும் அக்கா? பூப்பெட்டியில் ஒட்டுகிற வார்த்தைகள் தெரியும். ரெட், லாங், ஃப்ரெஷ். அவற்றில் எதை வைத்து இதைச் சொல்வது?

கவிஷா கனைத்தாள். "மிஸ் கமிங் டுடே?"

"லீவுன்னு சொல்லுடி" என்றாள் அம்மா, பின்னாலிருந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி.

நான் கனைத்தேன். "நோ கமிங்" என்றேன். என் குரல் யாருடையதோ போல இருந்தது. "மை அக்கா ஃபீவர். மை அக்கா... டெட்."

பின்வரிசையில் ஒரு பிள்ளை, "செத்துட்டாங்களா?" என்று கேட்டது. தமிழில்தான் கேட்டது. அதை யாரும் ஏசவில்லை. பிறகு ஒவ்வொன்றாக அழ ஆரம்பித்தன. பாதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா எழுந்து வந்தாள். போனைப் பிடுங்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். என் பின்னால் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டு, திரையில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இதுங்களுக்காவா போனா" என்றாள். அது கோபமா, வேறு என்னவா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. உனக்குத் தெரிகிறதா?

கவிஷா சட்டைக் காலரால் மூக்கைத் துடைத்தாள். கனைத்தாள்.

"நெக்ஸ்ட் சண்டே... ஹூ மிஸ்?"

அம்மாவின் பிடி இறுகியது. நான் திரையைப் பார்த்தே கனைத்துக்கொண்டேன்.

"மீ" என்றேன்.

உன் தங்கச்சி,
அமலா