அம்பு பார்க்கும் பக்கம்

நீ எழுந்து பார்க்கும்போது நான் இருக்க மாட்டேன். பயப்படாதே, பால் வாங்கத்தான் போகிறேன்.

மாப்பிள்ளை ஒன்பது மணிக்கு மகளை அழைத்துப் போக வருவார். நேற்று என்னிடம் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போன மனிதர். இன்றைக்கும் வெறும் வயிற்றோடு அனுப்பாதே.

அப்போது நீ குளிக்கப் போயிருந்தாய். மகள் சொல்வதை அப்படியே நம்பாதே, நடந்தது இதுதான். நம் பழைய காருக்குப் புது பெட்ரோல் ஃபில்டர் மாட்டினேன். "மாமா, அதுல இருக்கிற அம்புக்குறி இன்ஜினைப் பாத்து இருக்கணும்" என்று மாப்பிள்ளை ஃபோனைப் பார்த்துப் படித்தார். "மாப்பிள்ளை, நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே இந்த வண்டியைப் பிரிச்சவன் நான்" என்றேன். அதில் ஒன்றும் பொய்யில்லை.

காலையில் வண்டியைக் கிளப்பினேன். இரண்டு இருமல் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. ஃபில்டரை மறுபக்கமாகத் திருப்பி மாட்டினேன். தையல் மிஷின் மாதிரி ஓடுகிறது.

இதை அவரிடம் சொல்லாதே. மகளிடமும் சொல்லாதே, இரண்டும் ஒன்றுதான். மீசையில் மண் ஒட்டவில்லையா என்று நீ கேட்பாய். எனக்கு மீசையே இல்லை.

கார் சாவி என்னிடம் இருக்கிறது. யாரையும் நம்புவதற்கில்லை. வாசல் கிண்ணத்தில் இருப்பது பெட்ரோல், அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதே.

ஃப்ரிட்ஜில் பால் இருப்பது எனக்கும் தெரியும்.

இன்னொன்று. பானெட்டை மூடிவிடாதே. ஃபில்டரின் ஒரு கிளிப்பை வேண்டுமென்றே தளர்த்தி வைத்திருக்கிறேன். என் கை நடுங்குவதாகச் சொல்லி, மாப்பிள்ளையிடம் ஸ்க்ரூடிரைவரைக் கொடு. இறுக்கும்போது அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும்.