வலிப்பது அவள் பல் இல்லை

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே நான் நலம். நீ நலமா என்று இந்த முறை கேட்கமாட்டேன். நீ நன்றாகத்தான் இருப்பாய், தலைவலி உனக்கா வந்தது. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா, வேலை கிடக்கு" என்று வைத்துவிடுவாய். கடிதத்துக்கு நடுவே உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால் உட்கார்ந்து முழுசாகப் படி. பார்சலில் இருக்கும் துணிப்பொட்டலத்தைக் கடைசியில் பிரி.

வீட்டுச் சேதி ஒன்றும் பெரிதாக இல்லை. உன் அக்காவுக்கு வேலை மாற்றல் வந்துவிட்டது, மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள். மாடி வீட்டு டீச்சரின் தண்ணீர்த் தொட்டி இன்னும் ஒழுகுகிறது, கேட்டால் அடுத்த வாரம் என்கிறார். உன் அப்பாவின் பல்செட் பட்டறையாக இருந்த முன்னறையை ஒரு தையல்காரருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். மிஷின் சத்தம் நாளெல்லாம் கேட்கிறது. கேட்டுவிட்டுப் போகட்டும், நெடி இல்லை. அது போதும் எனக்கு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் பெண்டாட்டியைப் பற்றி நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உன் கண்ணாலேயே படித்துப் பார். "பாதி நாள் தலைவலின்னு படுத்துடுறாம்மா. வலி கன்னத்துலயும் மேல் பல்லுலயும்தானாம். அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை அந்த ரெண்டு பல்லையும் எடுத்துடலாம்னு டாக்டர்கிட்ட நாள் வாங்கிட்டேன். அப்பா உனக்குச் செஞ்ச மாதிரி நானே பல் செஞ்சு மாட்டிடுறேன். யாருக்கும் வித்தியாசமே தெரியாது." இதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "கடைக்கு வர்றவங்களுக்குக் காட்டவும் ஆச்சு" என்று சொல்லிச் சிரித்தாய். சீ. பெற்ற பிள்ளையின் சிரிப்பு எனக்கு இப்படி அருவருப்பாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

பல்செட் செய்கிறவர்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி ஒரு கோணல் புத்தி வரும். வேறு வீட்டில் மனைவிக்குத் தலை வலித்தால் மாத்திரை வாங்கி வருவார்கள், இல்லாவிட்டால் திட்டுவார்கள். நம் வீட்டில் பல்லை எண்ணிப் பார்ப்பார்கள்.

உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாய். எனக்கு முதலில் வலப்பக்கம்தான் வந்தது. கண்ணுக்குப் பின்னால் ஆரம்பித்துக் கன்னம் முழுக்க இறங்கி மேல் பல்லில் வந்து நிற்கும். வெளிச்சம் ஆகாது, பேச்சுச் சத்தம் ஆகாது, வாந்தி வரும். உன் அப்பா என் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, இந்தப் பல்தான் என்று முடிவு கட்டினார். அவருடைய சிநேகிதர் ஒரு பல் டாக்டர், தெருவே அவரைக் குறடு என்றுதான் கூப்பிடும். குறடு பிடுங்கினார். வலி போகவில்லை. அப்படியானால் பக்கத்துப் பல் என்றார்கள். அதுவும் போயிற்று. வலப்பக்கம் கடைவாயே காலியான பிறகு வலி இடப்பக்கம் வந்தது, குறடும் பின்னாலேயே வந்தார். இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா, பல் இல்லாத இடத்திலேயே எனக்குப் பல் வலித்தது. அதை உன் அப்பாவிடம் சொன்னேன். "அது பழைய ஞாபகம்" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்று எல்லோரும் புத்தி சொன்னார்கள். கடிக்கப் பல் வேண்டுமேடா.

உன் அப்பா கெட்டவர் இல்லை. அதை நினைத்தால்தான் இன்னும் குமட்டுகிறது. ஒவ்வொரு முறையும் எனக்குப் புதுச் செட் செய்வார். நிறம் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ராத்திரி சாப்பாட்டைக்கூட மறந்து தேய்ப்பார். நகை போட்டுவிடுகிற மாதிரி என் வாயில் மாட்டிவிட்டு, தள்ளி நின்று ரசிப்பார். பிறகு வாடிக்கைக்காரர் யாராவது தயங்கினால் போதும், அடுப்படியிலிருந்து என்னைக் கூப்பிடுவார். "சிரிச்சுக் காட்டு" என்பார். நான் சிரிப்பேன். "இப்போ கழட்டிக் காட்டு" என்பார். முன்பின் தெரியாத ஆட்கள் முன்னால், எச்சில் வழிய, கையில் எடுத்துக் காட்டுவேன். ஒருவர் அதை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். திரும்பக் கொடுத்ததை நான் கழுவாமல் மாட்டிக்கொள்ள வேண்டும், கழுவினால் அவருக்கு மரியாதைக் குறைவாம். கடைக்கு வருகிறவர்களுக்குக் காட்டுவது என்றால் இதுதான். உன் பெண்டாட்டியை இதற்குத்தான் கூப்பிடப் போகிறாயா?

உன் அப்பா போன பிறகும் ஒரு தடவை வலி வந்தது. நானே ஒரு புது டாக்டரிடம் போய், இடப்பக்கம் மிச்சமிருக்கும் பல்லையும் எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் படம் எடுத்துப் பார்த்து, "இந்தப் பல்லுல ஒண்ணுமே இல்லம்மா, எதுக்கு எடுக்கணும்?" என்று கேட்டார். அவர்தான் நரம்பு டாக்டரிடம் அனுப்பினார்.

அந்த டாக்டர் அம்மா ஒரு காகிதத்தில் முகம் வரைந்து காட்டினார். முகத்தில் தொட்டது, சுட்டது, வலித்தது எல்லாவற்றையும் மூளைக்குச் சொல்ல, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பெரிய நரம்பு இருக்கிறதாம். அது மூன்றாகப் பிரிகிறது. ஒன்று கண்ணுக்கும் நெற்றிக்கும், ஒன்று கன்னத்துக்கும் மேல் பல்லுக்கும், ஒன்று தாடைக்கும் கீழ்ப் பல்லுக்கும். மூளையைச் சுற்றியிருக்கும் உறைக்கும் அதே நரம்பின் இழைகள்தான் போகின்றன. ஒற்றைத் தலைவலி வரும்போது அந்த இழைகள் உள்ளே கிளறிவிடப்படுகின்றன. எங்கிருந்து வலிக்கிறது என்று மூளைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை, கன்னத்தில் வலிக்கிறது, பல்லில் வலிக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. கேட்டுக்கொண்டிருந்தபோது நாக்கு தானாகப் போய் அந்தக் காலி இடத்தைத் தடவியது. நன்றாக இருந்த பற்கள். ஒவ்வொன்றும் நன்றாக இருந்த பல்.

வீட்டில் ஏதாவது நெடி உண்டா என்று கேட்டார். சொன்னேன். பல்செட் மாவைக் குழைக்கிற அந்த ரசாயனத் தண்ணீர். மூடியைத் திறந்தால் அடுப்படி வரைக்கும் வரும், சோற்றில்கூட அந்த வாடைதான். எல்லோருக்கும் இல்லை, சிலருக்குக் காட்டமான வாசனையே வலியைக் கிளப்பிவிடும் என்றார். பட்டறையை மூடிய பிறகு எனக்கு வலி எப்போதாவதுதான் வருகிறது. அதற்கு முன்னால் ஒரு ஜன்னல் வைத்திருந்தால் போதுமோ என்னவோ. ஜன்னலுக்குப் பதிலாக என் பல்லை எடுத்தார்கள்.

உன் பட்டறை எங்கே இருக்கிறது? படுக்கையறைக்கு அடுத்த அறையில். நேற்று அவளிடம் பேசினேன். வீட்டுக்குள் இருக்க முடியாமல் வெளிப் படிக்கட்டில் உட்கார்ந்து பேசினாள். வலி வந்தால் குளியலறைத் தரையில் போய்ப் படுத்துக்கொள்கிறாளாம், அங்கேதான் நெடி இல்லையாம். "அவர் ஆசையா செய்றார் அத்தை, வேண்டாம்னு எப்படிச் சொல்றது?" என்று என்னிடம் கேட்கிறாள். போனை வைத்ததும் இந்தத் துணிப்பொட்டலத்தைக் கட்டினேன்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த வெள்ளிக்கிழமைக்கு வாங்கிய தேதியை ரத்து செய். அவளை நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. வலி ஆரம்பிக்கும்போதே அவர் சொல்லும் மாத்திரையைக் கொடு, முற்றிய பிறகு கொடுத்துப் பிரயோசனம் இல்லை. கடையில் கிடைக்கும் வலி மாத்திரையைத் தினமும் விழுங்க விடாதே, அதுவே தலைவலியைக் கொண்டுவரும். இருட்டான அறை, நெற்றியில் ஈரத்துணி, வாயை மூடிக்கொண்டு இருக்கிற புருஷன், இவ்வளவு போதும் அந்த நேரத்துக்கு. மற்ற நாளில் சாப்பாடும் தூக்கமும் நேரத்துக்கு வேண்டும். அடிக்கடி வருகிறவர்களுக்கு வராமல் தடுக்கிற மருந்து இருக்கிறது. தலையின் பின்பக்கமோ நெற்றியிலோ நரம்பை மரக்கச் செய்கிற ஊசியும் சிலருக்குப் போடுகிறார்கள். எது அவளுக்கு வேண்டும் என்று டாக்டர் சொல்லட்டும், நீ சொல்லாதே. என்றைக்கும் இல்லாத மாதிரி திடீரென்று வெடிக்கிற வலி வந்தாலோ, கை கால் மரத்தாலோ, யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு. பட்டறையை வீட்டை விட்டு வெளியே எடு. வாடகை கட்டுப்படியாகாது என்று என் தலையைத் தின்னாதே.

இப்போது துணியைப் பிரி. உன் அப்பா எனக்குக் கடைசியாகச் செய்த செட் அது. கழுவித்தான் வைத்திருக்கிறேன். அருவருப்பாக இருக்கிறதா? இருக்கட்டும். பல்செட்டைப் பார்த்து நீ முகம் சுளிப்பது இதுவே முதல் தடவையாக இருக்கும். அதை உன் வேலை மேசைமேல் வை. அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவதற்கு முன் ஒரு தடவை உன் வாயில் வைத்துப் பார். உனக்கு அளவு சேராது. எனக்கும் ஒரு நாளும் சேர்ந்ததில்லை. உன் அப்பா தள்ளி நின்று ரசித்துக்கொண்டிருப்பார், நான் சிரித்துக்கொண்டிருப்பேன்.

அது இல்லாமல் என்னால் மெல்ல முடியாது. பரவாயில்லை, குழைத்த சோறு இருக்கிறது. பல்லுக்கு நாள் குறித்தது ரத்தாகிவிட்டது என்று அவள் வாயால் எனக்குச் சொல்லட்டும், நீ சொல்ல வேண்டாம். அவள் தன் சொந்தப் பல்லால் கடித்துத் தின்று, நான் இருக்கும் வயது வரைக்கும் இருக்க வேண்டும். உனக்கும் என் ஆசீர்வாதம் உண்டு, அவளுக்குக் கொடுத்தது போக மிச்சம்.

இப்படிக்கு,
உன் அம்மா