இடைவெளிக்குக் காரணம்

எழுந்துவிட்டாயா? பால் காய்ச்சி வைத்திருக்கிறேன். குட்டிக்கு ஒன்பது மணிக்கு இருமல் மருந்து, அரை மூடிதான்.

எனக்கு இன்று தேர்வு அறையில் மேற்பார்வை. இரண்டு மணி வரை ஃபோன் கையில் இருக்காது. என் ஃபெல்லோஷிப் விண்ணப்பம் பன்னிரண்டு மணியோடு மூடிவிடும். என் ஆய்வுக் கைடு இன்னும் பரிந்துரைக் கடிதம் ஏற்றவில்லை. "பதினொண்ணுக்குள்ள வந்துடும்மா" என்றார். வந்ததும் 'சமர்ப்பி' பட்டனை நீதான் அழுத்த வேண்டும். லேப்டாப் மேசையில் திறந்தே இருக்கிறது. குட்டியைப் பக்கத்தில் விடாதே, எதையாவது தட்டாமல் அவள் கை சும்மா இருக்காது.

'ஆய்வில் இரண்டு வருட இடைவெளி ஏன்?' என்ற கட்டத்தில் நேற்று நீயே 'குடும்பக் காரணம்' என்று டைப் அடித்துவிட்டு, "இதுக்குப் போய் இவ்வளவு யோசிக்கிறியே" என்றாய். எனக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. காலையில் அதை அழித்துவிட்டு வேறு எழுதினேன்.

சாவி செருப்பு அலமாரியின் மேல் இருக்கிறது.

பி.கு.: இப்போது கட்டத்தில் இருப்பது ஒரே வரி. "அந்த இரண்டு வருடத்தில் என் கணவர் தன் ஆய்வை முடித்தார்." பொய்யாக இருந்தால் மாற்றிக்கொள். இல்லையென்றால் அப்படியே அனுப்பிவிடு.