கருப்பு முயலின் வெள்ளைக் குட்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

முயல் பண்ணை வேலை பழகிவிட்டது. போன வாரம் ஒரு கூத்து. கருப்பு முயல் ஈன்ற குட்டிகளில் ஒன்று மட்டும் வெள்ளை. ஆண் முயலும் கருப்புதான். பக்கத்துக் கூண்டுக் குட்டி தவறி வந்துவிட்டதென்று நினைத்து, நான் அதைத் தூக்கி அங்கிருந்த வெள்ளை முயலிடம் விட்டுவிட்டேன். மேற்பார்வை பார்க்கும் அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

“அது கருப்பியோட குட்டிதாம்மா. வெள்ளை நிறம் ரெண்டு பேருக்குள்ளயும் ஒளிஞ்சிருக்கும். அம்மாகிட்டருந்து ஒண்ணு, அப்பாகிட்டருந்து ஒண்ணு, ரெண்டும் சேர்ந்தாத்தான் வெளிய தெரியும்.”

எனக்கு உடனே, உங்கள் இருவருக்கும் இல்லாத என் பூனைக்கண் நினைவுக்கு வந்தது. கண்ணுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதானாம், அக்காவிடம் கேட்டுவிட்டேன். “எங்க வம்சத்துல இல்லாத கண்ணு” என்று அத்தை குத்திக்காட்டும்போதெல்லாம் நீ அடுப்படிக்குள் போய்விடுவாய். இனிமேல் போகாதே. “உங்க வீட்டுலருந்தும் வந்ததுதான்” என்று அத்தையிடம் சிரித்துக்கொண்டே சொல்.

குட்டியைக் கருப்பியிடமே திரும்ப விட்டேன். முகர்ந்து பார்த்துவிட்டுப் பால் கொடுத்தது.

நீயும் அப்பாவும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று அனுப்பு, முகம் தெளிவாகத் தெரியும்படி. இங்கே நான் யார் ஜாடை என்று சொல்ல ஆளில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன். தீனி வைக்கும் நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் இருவரின்,
பூனைக்கண்ணி