வண்டி கிளம்ப இரண்டு பேர்

ஜனவரி 27, திங்கள்

தலைநகர் ஹெலெனாவில் விடியும்போதே பனி. என் கணவர் வெர்ன் பண்ணையிலிருந்து போன் செய்தார். முதல் மாடு ஈன்றுவிட்டதாம்.

"ரெட்டைக் கன்னு, செனட்டரம்மா. ஒண்ணுக்கு உன் பேரு வச்சிருக்கேன். ஓயாம கத்துது."

முப்பது வருடமாக இந்த மனிதரின் கிண்டலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் கன்று போடும் பருவத்தில் அவரைத் தனியே விட்டு வந்தது இதுதான் முதல் தடவை. எங்கள் மொன்டானா மாநிலத்தில் செனட் கூடுவது குளிர்காலத்தில்தான். மாடுகளுக்கு அது தெரியுமா?

அடுத்த வாரம் என் ஆம்புலன்ஸ் மசோதா குழு முன் விசாரணைக்கு வருகிறது. எங்கள் ஊர் ஹால்டனில் வண்டி இருக்கிறது, டீசல் இருக்கிறது. பயிற்சி பெற்ற இரண்டு பேர் இல்லையென்றால் அது கொட்டகையை விட்டு நகரக் கூடாது என்பது சட்டம். ஊரில் பயிற்சி பெற்றவர்களே மூன்று பேர்தான். ஒருவர் இருந்தால் போதும், ஓட்டுவது யாராக இருந்தாலும் சரி என்கிறது என் மசோதா. ஒரே பக்கம்.

பிப்ரவரி 5, புதன்

ஓரின் ட்வெய்ட் விசாரணையில் சாட்சி சொல்ல நாள் முழுக்கப் பனியில் ஓட்டி, நேற்று மாலையே வந்துவிட்டார். கோதுமை விவசாயி, எழுபதை நெருங்குகிறவர். கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடுகிற அந்தக் கோட்டுதான் இன்றைக்கும். போன அறுவடையின்போது அவர் மனைவி லெனோர் சமையலறையில் மயங்கி விழுந்தாள். பயிற்சி பெற்ற மூவரில் டெஸ் ராடெமாக்கர் ஒருத்திதான் கொட்டகையில் இருந்தாள். பக்கத்து ஊர் வண்டி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

குழுத் தலைவர் தணிந்த குரலில்தான் கேட்டார். "வண்டி உடனே வந்திருந்தா பொழச்சிருப்பாங்களா?"

"தெரியாதுங்க. அதைச் சொல்ல நான் வரல. ஜன்னல்கிட்ட நின்னு ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தேன். இன்னொருத்தர் அப்படி நிக்கக் கூடாது. அதான் வந்தேன்."

குழுத் தலைவர் நன்றி சொல்லி அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும், டெஸ்ஸும் ஆதரித்துக் கடிதம் போட்டிருக்கிறாள் என்றேன். ஓரினின் முகம் இறுகிவிட்டது. "அந்தப் பொண்ணு பேச்சை எடுக்காத, மார்லிஸ். சாவி அவ கையிலதானே இருந்துச்சு."

பிப்ரவரி 11, செவ்வாய்

தோற்றோம். ஒரே ஒரு ஓட்டில். மசோதாவைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள். அந்த ஒரு ஓட்டு குழுவிலுள்ள செனட்டர் கெயில் புரூட்டுடையது. தினமும் என்னோடு உட்கார்ந்து சூப் குடிக்கிறவள்.

"உன் மேல கோவமில்ல, மார்லிஸ். பின்னாடி ஒரே ஆளு, முன்னாடி ஓட்டுறவனுக்கு ஒண்ணும் தெரியாது. நடுவழில மூச்சு நின்னுட்டா அவ என்ன பண்ணுவா? நான் முப்பது வருஷம் எமர்ஜென்சி வார்டுல நின்ன நர்சு. என்னால கை தூக்க முடியல."

"அதுக்கு வண்டி கொட்டகையிலயே கிடக்கட்டும்ங்கிறியா? செத்தா வீட்லயே சாவுங்கன்னு சொல்றியா?" கத்தியே விட்டேன். வராந்தாவில் போனவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

சே.

பிப்ரவரி 12

ஓரினிடம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

பிப்ரவரி 13

சொன்னேன். "சரி" என்றார். பிறகு, "நீ முயற்சி பண்ணுன" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 15, சனி

வார இறுதிக்கு வீடு. காலையில் காபிக் கடையில் தொகுதி மக்களைச் சந்திப்பது வழக்கம். நான் உட்காரவில்லை, அதற்குள் லாய்டு ஸ்டெக்கர் ஆரம்பித்துவிட்டார். "கம்ப்யூட்டர்ல செனட்டைப் போட்டு உன்னைப் பாத்தேன் மார்லிஸ். நல்லா கொட்டாவி விடுற. அதுக்குத்தானா ஓட்டுப் போட்டோம்?" பிறகு சொத்து வரி, பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளம், மறுபடி சொத்து வரி. மசோதா தோற்றதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அந்த மரியாதைதான் வலித்தது.

பிற்பகல் ஆம்புலன்ஸ் கொட்டகைக்குப் போனேன். டெஸ் வண்டியின் சக்கரங்களில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டிருந்தாள். மற்ற நாட்களில் தானியக் கிடங்கில் எடை போடுகிறவள். இது சம்பளமில்லாத வேலை.

"அங்க ஓரின் என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"விசாரணைல ஒண்ணும் சொல்லல."

அவள் தட்டுவதை நிறுத்தினாள். "அன்னிக்கு இன்ஜினைப் போட்டுட்டு உக்காந்திருந்தேன். போயிடலாமா, போயிடலாமான்னு. போயிருந்தா என் லைசென்ஸ் போயிருக்கும், ஊருக்கு இருக்கிற இந்த ஒரு வண்டியும் முடங்கியிருக்கும். சரியாத்தான் செஞ்சேன். ஆனா அவர் வீட்டு வழியா என்னால நடக்க முடியல."

கெயில் சொன்னதைச் சொன்னேன். டெஸ் அவளைத் திட்டுவாள், எனக்கும் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

"அந்தம்மா கேக்கறது நியாயந்தானே? ஓட்டுறவங்களுக்கு நெஞ்சை அமுக்கவாவது கத்துக்குடுங்க. வழி முழுக்க ஒரு டாக்டர் ரேடியோல என்கூடப் பேசிக்கிட்டே வரட்டும். அது இருந்தா நான் கிளம்பிடுவேன்."

கிளம்பிடுவேன் என்று அவள் சொன்ன தோரணை! அவள் சொன்னதை மசோதாவுக்குத் திருத்தமாக அங்கேயே குறித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

கிடப்பில் போட்டதை மறுபடி எடுக்க வேண்டுமானால், எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் ஒருவர்தான் கேட்க வேண்டும். விதி அப்படி. ஆக, கெயிலிடமே போய் நின்றேன். திருத்தத்தை இரண்டு தடவை படித்தாள். பேனாவை எடுத்து, ஓட்டுகிறவர்களுக்கு 'ஒரு நாள் பயிற்சி' என்பதை அடித்து 'ஒரு வாரம்' என்று எழுதினாள்.

"இப்ப சரி. நானே கேக்கறேன்."

"என் மேல கோவம் போயிடுச்சா?"

"யாரு சொன்னா? வராந்தால அந்தக் கத்து கத்துனியே. இந்த வாரம் பூரா சூப் உன் செலவு."

பிப்ரவரி 20, வியாழன்

குழுவில் ஜெயித்துவிட்டோம். கெயில் கை தூக்கும்போது என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

மார்ச் 3, திங்கள்

செனட்டிலும் நிறைவேறியது. வெர்னிடம் சொன்னேன். "சந்தோஷம்" என்றார். பிறகு, "நிஜமாவே சந்தோஷம்டி." முப்பது வருடத்தில் கிண்டலில்லாமல் பேசியது எத்தனை தடவை!

மார்ச் 8, சனி

கூட்டத்தொடரின் நடுவே இடைவேளை. மசோதாக்கள் கீழவைக்குப் போய்விட்டன, நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். தொடரின் முதல் பாதியைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகைக்கு அறிக்கை எழுத வேண்டும். காலை முழுக்கக் கிறுக்கி, முதல் வரியில் 'பெருமையுடன்' என்று எழுதி அடித்தேன். இன்னும் பாதி தூரம் இருக்கிறதே.

மதியம் பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் கூட்டம். பெரிய சட்டியில் பீன்ஸும் கறியும் போட்ட சில்லிக் குழம்பு, பக்கத்தில் இலவங்கப்பட்டை ரொட்டி. டெஸ் ஜன்னலோரம். ஓரின் கடைசி வரிசையில், தொப்பியைக் கழற்றாமல். வரி, பள்ளம் எல்லாம் முடிந்து ஆம்புலன்ஸுக்கு வந்தோம்.

"மசோதா கிடக்கட்டும், வண்டியை யாரு ஓட்டறது?" என்றார் லாய்டு. "எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு. என் பொண்டாட்டி ஓட்டுனா, படுத்திருக்கிறவன் பயத்துலயே எந்திரிச்சு ஓடிடுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியது. ஒரு கைகூட மேலே வரவில்லை. அவ்வளவுதானா? இதற்குத்தானா இத்தனை பாடு?

"பயிற்சி யாரு குடுப்பா?"

ஓரினின் குரல். என்னைத்தான் கேட்டார். பதில் ஜன்னலோரத்திலிருந்து வந்தது.

"நான்தான்."

ஓரின் திரும்பினார். அறுவடைக்குப் பிறகு அவர் டெஸ்ஸை நேராகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

"தப்பா செஞ்சா அதட்டுவியா?"

"கண்டிப்பா அதட்டுவேன்."

"எனக்கு அது பழக்கந்தான்" என்றார் ஓரின். "முப்பத்தெட்டு வருஷம் லெனோர் அதட்டியிருக்கா." பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "என்னைச் சேத்துக்கோ."

டெஸ் தலையாட்டினாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் காகிதங்களை அடுக்கினேன். நல்லவேளை, லாய்டு சில்லியைக் கோட்டில் கொட்டிக்கொண்டார்.

ஏப்ரல் 9, புதன்

கீழவையிலும் தேறியது.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஆளுநர் கையெழுத்துப் போட்டுவிட்டார். கெயிலும் நானும் சூப் குடித்தோம். இந்தத் தடவை அவள் செலவு.

ஜூன் 19, வியாழன்

வேலிக் கம்பி வாங்க டவுனுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆற்றுத் திருப்பத்தில் பின்னாலிருந்து சைரன். என் பிக்கப் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன். எங்கள் ஊர் வண்டிதான். கண்ணாடி வழியே டெஸ்ஸின் குனிந்த முதுகு தெரிந்தது. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்து, கோட்டு இல்லாமல், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஓரின்.

கையசைத்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டு போனார்.