மறந்தேனா, விட்டேனா

ஜூன் 3, செவ்வாய்

பேருந்து தாமதம். தருமபுரத்திலிருந்து போலகம் வந்து சேர ஒன்பதரை. இந்த டைல்ஸ் தொழிற்சாலையில் மனநல ஆலோசகராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. கேன்டீனை ஒட்டி ஓர் அறை, இரண்டு நாற்காலி, பூட்டுள்ள மேசை. ‘இங்கே பேசுவது வெளியே போகாது’ என்று கதவில் எழுதி ஒட்டியது நான்தான்.

இன்று வந்தவர் மருதையன். இருபது வருடமாகச் சூளையில் வேலை, சங்கச் செயலாளர். நிர்வாகத்தோடு இப்போது நடக்கும் ஒப்பந்தப் பேச்சில் தொழிலாளர் பக்கம் பேசுபவர் அவர். முதல் கோரிக்கை, சூளைக்கு ஒரு ஷிப்டில் இரண்டு ஆள். இப்போது ஒருவர்தான்.

"கேட்டுல இருநூறு பேருக்கு மைக் இல்லாம பேசுவேன் மேடம். அந்த மீட்டிங் ரூமுல போயி ஒக்காந்தா தொண்ட அடைச்சுக்குது. காத்துதான் வருது. டாக்டரு லைட்ட அடிச்சுப் பாத்துட்டு ஒண்ணுமில்லங்கிறாரு."

தொண்டையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஜூன் 6, வெள்ளி

பழைய பாடக்குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். உள்ளே அமுக்கி வைத்தது சாவதில்லை, வாய் கிடைக்காதபோது உடம்பைப் பிடித்துக்கொள்கிறது என்று ஒரு பக்கத்தில். கல்லூரியில் எங்களுக்குப் பாடம் எடுத்த கீர்த்திகா மேடம் இதை ஏற்கமாட்டார். நனவிலி என்பது ரகசிய ஆசைகளின் அறை அல்ல, மூளை நமக்குத் தெரியாமல் செய்யும் அன்றாட வேலை, அவ்வளவுதான் என்பார். தேர்வில் இரண்டையும் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். எதை நம்புகிறேன் என்று யாரும் கேட்டதில்லை.

ஜூன் 12, வியாழன்

மூன்றாவது சந்திப்பு. முக்கால் மணி நேரம் வெயிலையும் கேன்டீன் சாம்பாரையும் பற்றிப் பேசினார். பிறகு சன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

பதினோரு வருடத்துக்கு முன் கலைவாணன் என்பவர் சூளையில் தனியாக இருந்திருக்கிறார். டைல்களைச் சூளைக்குள் நகர்த்தும் உருளையில் ஒன்று சிக்கியது. எடுக்கப் போனவரின் சட்டைக் கை மாட்டிக்கொண்டது. நிறுத்தும் பொத்தான் பத்தடி தள்ளி, அமுக்க ஆளில்லை. மூன்றாம் நாள் இறந்துபோனார். அவர் குடித்திருந்தார் என்று அப்போதைய நிர்வாகம் ஒரு காகிதம் தட்டச்சு செய்து வைத்திருந்தது. சாட்சிக் கையெழுத்து மருதையனுடையது. போட்டது அதே மீட்டிங் அறையில், அதே மேசையில்.

"அவன் டீத்தண்ணியத் தவிர ஒண்ணும் தொடமாட்டான் மேடம். எனக்கு அப்ப வேல நிரந்தரமாகல. போட்டுட்டேன். அவன் பொண்டாட்டி பங்கஜவல்லி இன்னிக்கும் என்னப் பாத்தா அண்ணேம்பா."

அழவில்லை. எழுந்து போகும்போது, "இது யாருக்கும் தெரியாது. இப்ப உள்ள மேனேஜருக்கே தெரியாது" என்றார்.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிப் பூட்டினேன். தேதி, காகிதம், கையெழுத்து.

ஜூன் 13, வெள்ளி

மனிதவள மேலாளர் தியாகராசன் கூப்பிட்டார். இங்கே வந்து இரண்டு வருடம் ஆனவர். குரலை உயர்த்தியதே கிடையாது. "மருதையன் அடிக்கடி உங்க ரூமுக்கு வர்றாராமே? நல்ல விஷயம். பேரெல்லாம் வேணாம்மா, பொதுவா என்ன மனநிலையில இருக்காங்கன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுத்தீங்கன்னா..."

அப்படித் தரமுடியாது சார் என்றேன். சிரித்தார். "சரி சரி. உங்க நிரந்தர ஆர்டர் என் டேபிள்லதான் இருக்கு. பாத்துக்கலாம்."

முடியாது என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் அறைக்கு வந்ததும் நிரந்தரமானால் சம்பளம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஜூன் 16, திங்கள்

சாவியைக் காணவில்லை. வீட்டுக்கு வந்து பையைக் கொட்டிப் பார்த்தேன். மேசைப் பூட்டிலேயே விட்டிருக்கிறேன்! எட்டு மாதத்தில் ஒரு நாளும் இப்படி ஆனதில்லை. மணி ஆறுகூட ஆகவில்லை, ஆட்டோ பிடித்தால் இருபது நிமிடம். தூறல் போட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

என்னடி தேடுற என்றாள் அம்மா. "மேசச் சாவியக் குடுத்துட்டு வந்துட்டேம்மா" என்றேன்.

"யாருகிட்ட குடுத்த?"

விட்டுட்டு என்றுதான் சொல்ல வந்தேன். வாயில் வந்தது குடுத்துட்டு.

ஜூன் 17, செவ்வாய்

சாவி பூட்டிலேயே இருந்தது. நோட்டு இருந்த இடத்தில் இருந்தது. நான் எப்போதும் அட்டை மேலே தெரியும்படி வைப்பேன்.

இன்று கவிழ்ந்து கிடந்தது.

ஜூன் 19, வியாழன்

நிரந்தர ஆணை வந்தது. அம்மா கேசரி கிளறினாள். ஒரு வாயோடு தட்டை நகர்த்திவிட்டேன்.

மருதையனிடம் சொல்லி எச்சரிக்க வேண்டும். நாளை. கட்டாயம் நாளை.

ஜூன் 20, வெள்ளி

சொல்லவில்லை. யாரும் படித்திருக்கவே மாட்டார்கள். துப்புரவு செய்ய வந்தவர் துடைத்து வைத்திருக்கலாம்.

ஜூன் 24, செவ்வாய்

நடந்துவிட்டது.

சங்கக் குழுவில் உள்ள முத்தமிழ் சொல்லித்தான் தெரியும். தரம் பிரிக்கும் பிரிவில் வேலை செய்கிற பெண். பேச்சுவார்த்தையில் இரண்டு ஆள் கோரிக்கை வந்ததும் தியாகராசன் ஒரு பழைய கோப்பைத் திறந்தாராம். "கலைவாணன் செத்ததுக்குக் காரணம் குடி, ஆள் கொறவு இல்லன்னு உங்க செயலாளரே எழுதிக் குடுத்திருக்காரே. படிக்கட்டுமா?" படித்தாராம். நிதானமாக, கடைசிக் கையெழுத்து வரைக்கும்.

மருதையன் வாயைத் திறந்து திறந்து மூடினாராம். சத்தம் வரவில்லை. குழுவில் இருந்த மற்ற நாலு பேரும் அவரைவிட்டு நாற்காலியை நகர்த்திக்கொண்டார்களாம்.

மூன்று மணிக்கு என் அறை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. "ஒங்ககிட்ட மட்டுந்தான் மேடம் சொன்னேன்." கரகரவென்று ஒரு குரல்.

"சாவிய மேசையிலயே வச்சுட்டுப் போயிட்டேண்ணே."

"மறந்தீங்களா, விட்டீங்களா?"

மறந்தேன் என்று சொல்லியிருக்கலாம். "தெரியலண்ணே" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 25, புதன்

கீர்த்திகா மேடம் சொன்னபடி பார்த்தால் மறதி மறதிதான். தேய்ந்த பழக்கம் ஒருநாள் நழுவுகிறது, அதில் பொருளில்லை. நேற்று இரவு முழுக்க அந்தக் கட்சியில் ஒதுங்கப் பார்த்தேன்.

ஆனால் என்னிடம் ஒருத்தி வந்து இதையே சொன்னால் என்ன கேட்பேன்? அன்றைக்கு மாலை உங்களுக்கு என்ன வேண்டியிருந்தது என்று கேட்பேன். ஆறு மணிக்கு ஏன் திரும்பிப் போகவில்லை? கவிழ்ந்த நோட்டைப் பார்த்தபின் ஏன் ஏழு நாள் வாயே திறக்கவில்லை? அது நனவிலி இல்லையே. அது நான்தானே. முழு விழிப்போடு நான்.

வேலை நிரந்தரமாகவில்லை என்று கையெழுத்துப் போட்டார் மருதையன். நான் கையெழுத்துகூடப் போடவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

என் நோட்டைப் பார்த்துத்தான் அந்தக் கோப்பு தோண்டப்பட்டது என்று நம்புகிறேன், சாவியை விட்டது நான் என்று எழுதி முத்தமிழிடம் கொடுத்தேன். நோட்டைப் பிடுங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. அதில் இருந்தது ஏற்கெனவே நிர்வாகத்திடம் இருக்கிறது.

முத்தமிழ் இரண்டு முறை படித்தாள். "இத முன்னாலயே சொல்லியிருந்தா அண்ணன் அந்த ரூமுக்குத் தயாராப் போயிருப்பாரேக்கா" என்றாள்.

ஜூலை 4, வெள்ளி

கேட்டில் கூட்டம். நான் கேன்டீன் சுவரோரம் நின்றேன். மருதையன் பங்கஜவல்லியைக் கூட்டி வந்து பக்கத்தில் நிற்க வைத்துப் பேசினார். "இவ புருசன் குடிக்கல. நாந்தான் பொய் சொன்னேன்." மைக் இல்லை. கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. அந்தம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

செயலாளர் பதவியிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள்.

ஜூலை 15, செவ்வாய்

என் அறைக்கு யாரும் வராமல் மூன்று வாரம். சங்கம் கோரிக்கைப் பட்டியலில் புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறது: ஆலோசகர் அறையை மூட வேண்டும்.

நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்பேன்.

ஆகஸ்ட் 6, புதன்

முத்தமிழ் போன் செய்தாள். ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதாம், நாலு வருடத்துக்கு. அறையை மூடும் கோரிக்கையை நிர்வாகம் ஒரு வார்த்தை பேசாமல் ஏற்றுக்கொண்டது. சூளைக்கு இரண்டாவது ஆள் ‘பின்னர் பரிசீலிக்கப்படும்’. நான் இந்த மாதத்தோடு வேலையிலிருந்து நிற்க வேண்டும்.

இந்த வாரம் சூளையில் யார் என்று கேட்டேன். மருதையன் அண்ணன்தான் என்றாள். ஒத்தையில்.

"இப்ப நல்லாப் பேசுறாரா?"

"பேசுறாருக்கா. கேக்கத்தான் பக்கத்துல ஆளில்ல."